நிலவறைக்குக் காற்று கொடுத்தவர்

ஜெர்மனியின் பிரேமன் நகரத்து வைடன் தெருவில் பதினான்காம் எண் வீட்டில் எட்டுக் குடித்தனங்கள். அவற்றில் ஏழு குடித்தனங்களுக்கு மூச்சு விடவே தெரியாது என்பது மூன்றாம் மாடி ஃபோல்கெர்ட் ஹைன்ஸோனின் கருத்து. முப்பத்தாறு வருஷம் டிராமில் பயணச்சீட்டுப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். எதிரே நிற்கிற ஆளின் முகத்தில் குற்றத்தைத் தேடி எடுப்பது அவருக்கு வெந்நீர் வைப்பது மாதிரி. டிராம் போய்விட்டது, தேடுகிற பழக்கம் போகவில்லை. ஆகவே வீட்டில் யார் ஜன்னலைத் திறக்கிறார்கள், யார் திறப்பதில்லை என்று பார்க்க ஆரம்பித்தார்.

அவர் தன் ஜன்னல்களைத் திறப்பது ஒரு சடங்கு. காலை ஆறு, பகல் ஒன்று, மாலை ஏழு. முன்னும் பின்னும் எல்லாவற்றையும் அகலத் திறந்து, காற்று ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் ஓடும்படி பத்து நிமிஷம். ஜனவரியிலும் அதே பத்து நிமிஷம்தான். ஒருமுறை வாசலில் தபால்காரரின் கையிலிருந்து நழுவிய கடிதம் ஒன்று மேலே கிளம்பி, ஹைன்ஸோனின் முன்ஜன்னல் வழியாக நுழைந்து, கூடத்தைக் கடந்து, சமையலறை ஜன்னல் வழியாக வெளியேறி, பின்தெருவில் அது போகவேண்டிய வீட்டுக்கே போய்ச் சேர்ந்தது. முறைப்படி போயிருந்தால் இரண்டு நாள் ஆகியிருக்கும். அவர் மனைவி இங்கெபோர்க் பதினோராவது குளிர்காலத்தில், காபிக் கோப்பையில் கரண்டி உறைந்து செங்குத்தாக நின்ற ஒரு காலையில், கோப்பையும் கையுமாகத் தங்கை வீட்டுக்குப் போனார். அங்கே போய்ச் சேர்ந்தபோதும் கரண்டி நின்றுகொண்டுதான் இருந்தது என்று தங்கை சொன்னார். கோப்பையும் திரும்பி வரவில்லை, இங்கெபோர்க்கும் வரவில்லை.

ஜன்னலைத் திறக்காதவர்களைக்கூட ஹைன்ஸோன் மன்னித்துவிடுவார். ஜன்னலின் மேல்விளிம்பை மட்டும் நாலு விரல் உள்ளே சாய்த்து வைத்துவிட்டு, காற்று விட்டாயிற்று என்று வேலைக்குப் போகிறார்களே, அவர்களை நினைத்தால்தான் அவருக்குக் குமட்டும். வாயில் சோற்றை வைத்துக்கொண்டே பேசுகிறவனைப் பார்க்கிற மாதிரி இருக்கும்.

தரைத்தளத்து ஆலைடா டோன்யெஸ் அப்படித்தான் செய்தார். ஐம்பத்திரண்டு வயது. தனி ஆள். இரண்டு தெரு தள்ளி உள்ள ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் விடிகாலை முறை. அதிகாலையில் டிராம் ஓடாத நேரத்தில் நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் வீடு இருந்ததால்தான் பத்தொன்பது வருஷமாக அந்த வேலையில் இருக்க முடிந்தது. போகும்போது சமையலறை ஜன்னலைச் சாய்த்து வைப்பார். மாலை வரை அது அப்படியே சாய்ந்து கிடக்கும். போதாக்குறைக்கு, ஊரார் துணியை எல்லாம் துவைத்துவிட்டு வந்து தன் துணியைச் சமையலறையிலேயே கம்பியில் உலர்த்துவார். கண்ணாடி வழியே ஈரத் துணி தெரியும்போதெல்லாம் ஹைன்ஸோன் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்ப்பார்.

அந்த வருஷம் ஜூன் மாதத்தில் நிலவறை பூத்தது.

வீட்டுக்கு அடியில் நீளமான நிலவறை. மரச்சட்டம் அடித்துக் குடித்தனத்துக்கு ஒன்றாகத் தடுத்த எட்டு அறைகள். உருளைக்கிழங்கு, மிதிவண்டி, குளிர்கால உடை, யாரும் திரும்பிப் பார்க்காத சூட்கேஸ்கள் எல்லாம் அங்கேதான். முதலில் சுவரில் மிளகைத் தெளித்த மாதிரி கறுப்புப் புள்ளிகள். பிறகு சாம்பல் நிறத்தில் ஒரு படலம். ஜூலை பிறந்தபோது பூசணம் விரல் மொத்தத்துக்கு வந்திருந்தது. சூட்கேஸ்களுக்குப் பச்சையாக ரோமம் முளைத்தது. இரண்டாம் மாடி அம்மாள் ஃபிராவ் க்ராஸ்ஹோஃபின் மிதிவண்டி இருக்கைக்கு அடர்த்தியான மயிர் வளர்ந்து, பக்கத்து வீட்டுப் பூனை அதன்மேல் ஏறி உட்கார்ந்து அதை நக்கிச் சீர்படுத்திக்கொண்டிருந்தது. இதை நாலு பேர் கண்ணால் பார்த்தார்கள். வாடை தனிக் கதை. ஈர நாயை ஒரு டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டி, ஈஸ்டர் கழிந்து திறந்த மாதிரி. அது படியேறி ஒவ்வொரு வீட்டுக் கதவாக நின்று மணியடிக்காமலே உள்ளே போயிற்று. ஃபிராவ் க்ராஸ்ஹோஃப் வாங்கி வந்த புது ரொட்டி, படியேறி முடிப்பதற்குள் பழைய ரொட்டியாகிவிட்டது என்று அவரே சொல்லிக்கொண்டிருந்தார்.

நிலவறைக்குத் தரைமட்டத்தில் நான்கு சின்ன ஜன்னல்கள் உண்டு. அவற்றைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை யாரும் கொடுக்காமலேயே பதினாறு வருஷத்துக்கு முன்பு ஹைன்ஸோன் எடுத்துக்கொண்டிருந்தார். குளிர்காலத்தில் பூட்டியிருக்கும். மே முதல் தேதியிலிருந்து தினமும் பகல் இரண்டு மணிக்கு, வெயில் நன்றாக ஏறியபின், நான்கையும் திறப்பார். ஆறு மணிக்கு மூடுவார். சூடான காற்று உள்ளே போனால் ஈரம் வெளியே ஓடிவிடும். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? அந்த வீட்டில் எதையெதையோ பற்றிச் சண்டை நடந்திருக்கிறது. ஜன்னலைத் திறப்பது நல்லதா என்று யாரும் கேட்டதில்லை. குடியிருப்பு ஒப்பந்தத்தின் ஏழாவது விதியே காற்று விடுவதைப் பற்றித்தான்.

அந்த வருஷ ஜூன் தகித்தது. ஹைன்ஸோன் காலையிலும் சேர்த்துத் திறந்தார். பூசணம் கூடியது. அவர் இன்னும் ஒரு மணி நேரம் கூட்டினார்.

பூசணம் எங்கிருந்து வந்தது என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை. டோன்யெஸின் சமையலறை நிலவறைக்கு நேர் மேலே. துணியின் ஈரம் தரை வழியாகக் கீழே இறங்குகிறது. அவ்வளவுதான். மூன்று வாரம் குறிப்பு எடுத்தார்: ‘ஏழு பத்து, சாய்ந்த நிலை. பன்னிரண்டு, சாய்ந்த நிலை. மூன்று நாற்பது, சாய்ந்த நிலை, கம்பியில் போர்வை உறைகள் இரண்டு.’ ஒன்பது பக்கம். அதை வீட்டு நிர்வாகத்தின் ஆள் மெர்ட்டின் காஸெபோமுக்கு அனுப்பினார். காஸெபோம் முப்பத்தைந்து வயதுக்காரர். நூற்றுப் பத்து வீடுகளை ஒரு கைக்கணினியில் வைத்துக்கொண்டு திரிகிறவர். குற்றவாளியின் பெயரை யாராவது தாமாகவே எழுதிக் கொடுத்தால் அவருக்கு அன்று பண்டிகை.

பதினைந்து நாளில் டோன்யெஸுக்குக் கடிதம் வந்தது, ஒன்பது பக்கக் குறிப்பில் முதல் பக்கத்தின் நகலோடு. தவறாகக் காற்று விட்டதால் கட்டடத்துக்குச் சேதம். ஜூலை மூன்றாம் சனிக்கிழமை குடியிருப்போர் கூட்டத்தில் சாட்சியின் கையெழுத்தைப் பெற்றபின், அக்டோபர் முடிவோடு அவர் வீட்டைக் காலி செய்யவேண்டும். பிரேமனில் இப்போது தனி ஆளுக்கு ஒரு வீடு தேடுவதைவிட, நிலவறைப் பூசணத்தில் ஒரு அறை கேட்டு மனுப்போடுவது சுலபம்.

சாட்சி, ஹைன்ஸோன்தான்.

கடிதத்தோடு எல்லா வீட்டுக்கும் ஒரு கையேடும் வந்தது. ‘நம் வீட்டின் சூடும் குளிரும்: நாற்பது சொற்களுக்கு விளக்கம்.’ கூட்டத்தில் அதை எல்லோருக்கும் விளக்கிச் சொல்லும்படி காஸெபோம் தொலைபேசியில் கேட்டுக்கொண்டார். விஷயம் தெரிந்தவர் இந்த வீட்டில் நீங்கள் ஒருவர்தான் என்றும் சேர்த்துக்கொண்டார். அந்த வாக்கியத்தை ஹைன்ஸோன் இரண்டு நாள் மென்றுகொண்டிருந்தார்.

புதன்கிழமை மத்தியானம் சமையலறை மேசையில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார். சொற்கள் அந்த ஊர் வழக்கப்படி ஒன்றோடொன்று கோத்த சரக்கு ரயில்கள். சிலவற்றைப் படித்து முடிப்பதற்குள் பக்கத்தில் வைத்த காபி ஆறிப்போயிற்று. அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரின் குமிழில் உள்ள எண்கள் வேகம் அல்ல என்று போட்டிருந்தது. மூன்றில் வைத்தால் அறை இருபது பாகை வரை சூடாகி நிற்கும். ஐந்தில் வைத்தாலும் அதே வேகத்தில்தான் சூடாகும், நிற்கத்தான் மாட்டாது. ஃபிராவ் க்ராஸ்ஹோஃப் முப்பது வருஷமாகக் குளிரெடுத்தால் குமிழை ஐந்துக்கு முறுக்கி, ரேடியேட்டரை ஒரு தட்டும் தட்டுகிறவர். ஹைன்ஸோன் ஓரத்தில் அவர் பெயரை எழுதிக்கொண்டார். ‘வெப்பப் பாலம்’ என்றால் சுவரில் சூடு சுலபமாகத் தப்பி ஓடுகிற இடம். ‘நீர்ச் சமன்’ என்றால் கொதிகலனுக்குப் பக்கத்தில் இருக்கிற வீடு எல்லா வெந்நீரையும் குடித்துவிடாமல் கடைசி வீடு வரை பங்கிட்டு அனுப்புவது. அங்கே முதல் மாடிக்காரர் பெயரை எழுதினார். காற்று தாங்கக்கூடியதில் எத்தனை பங்கு ஈரம் ஏறியிருக்கிறது என்று சொல்லும் ‘ஒப்பு ஈரப்பதம்’ வந்தபோது டோன்யெஸ் பெயரை எழுதி இரண்டு கோடு போட்டார். மனசுக்கு நிறைவாக இருந்தது.

முப்பத்து நாலாவது சொல் ‘பனிநிலை’.

காற்றில் எப்போதும் நீர் கலந்திருக்கிறது என்று ஆரம்பித்தது விளக்கம். சூடான காற்று நிறைய நீரைச் சுமக்கும். குளிர்ந்தால் சுமக்க முடியாமல் போட்டுவிடும். எந்த வெப்பநிலையில் போடுகிறதோ அதுதான் அந்தக் காற்றின் பனிநிலை. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பீர் பாட்டில் கோடையில் ஏன் நனைகிறது? அதன்மேல் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. அறைக்காற்றுதான் ஊற்றுகிறது. ஆகையால், கோடைப் பகலில் குளிர்ந்த நிலவறையைத் திறந்து வைக்காதீர்கள். உலர்த்துவதாக நினைத்து நீங்கள் நீர் ஊற்றுகிறீர்கள்.

ஹைன்ஸோன் அச்சுப்பிழை என்று நினைத்தார். அடுத்த பக்கத்தில் ஒரு அட்டவணை இருந்தது. வெளியே இருபத்தொன்பது பாகை, ஈரப்பதம் அறுபது என்றால் பனிநிலை இருபது பாகைக்குச் சற்று மேல். நிலவறைச் சுவர் எப்போதும் பதினைந்து பாகை. அது அவருக்குத் தெரியும், அங்கே வெப்பமானியை மாட்டியதே அவர்தான்.

கையேட்டையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். மணி மூன்று. நான்கு ஜன்னலும் திறந்திருந்தன, ஒரு மணி நேரத்துக்கு முன் அவரே திறந்தவை. முதல் ஜன்னலுக்குக் கீழே சுவரைத் தொட்டார். கொழகொழவென்றிருந்தது. மேலே முத்து முத்தாக நீர் கோத்து, ஒன்றையொன்று பிடித்து, கறுப்பாக வழிந்துகொண்டிருந்தது. விரலை எடுத்தபோது பூசணம் கொஞ்சம் கூடவே வந்தது, பிரிய மனமில்லாத மாதிரி. இரண்டாவது ஜன்னலுக்குக் கீழேயும் அதே. மூன்று, நாலு, அதே. ஜன்னலை விட்டுத் தள்ளிப் போகப் போக ஈரம் குறைந்தது. டோன்யெஸின் சமையலறைக்கு நேர் அடியில் உள்ள கோடி மூலையில் டார்ச் அடித்தார். அந்த மூலையைப் பற்றி ஒன்பது பக்கம் எழுதியிருந்தாரே தவிர, அங்கே இதுவரை வெளிச்சம் அடித்துப் பார்த்ததில்லை. பார்க்காமலே தெரிந்திருந்தது.

மூலை நேற்றைய பிஸ்கட் மாதிரி உலர்ந்திருந்தது.

ஜன்னல்களை ஒவ்வொன்றாக மூடினார். பதினாறு கோடை. தினம் நாலு மணி நேரம். இந்த அறைக்குள் எத்தனை வாளித் தண்ணீரை அவர் சட்டை கசங்காமல் கொட்டியிருப்பார் என்று கணக்குப் போட்டார், பிறகு போடாமல் விட்டார். டிராமில் சீட்டில்லாமல் பிடிபட்டவர்கள் சொன்ன சாக்குகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன: தெரியாது, அவசரம், இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை, எல்லோரும்தானே செய்கிறார்கள். ஒவ்வொன்றையும் கேட்கும்போது அப்போது எப்படி மூக்கைச் சுளித்தாரோ அப்படியே இப்போதும் சுளித்தார். எதிரே ஆள்தான் இல்லை.

மாடி ஏறும்போது இன்னொரு யோசனை வந்தது. பேசாமல் இருந்துவிடலாம். ஜன்னலை மூடியே வைத்தால் அக்டோபருக்குள் சுவர் காய்ந்துவிடும். டோன்யெஸும் போயிருப்பார். அவர் போனதால் காய்ந்தது என்று ஊரே சொல்லும். கையேட்டின் முப்பத்து நாலாவது சொல்லைக் கூட்டத்தில் வேகமாகப் புரட்டிவிட்டால் போகிறது, நாற்பது சொல்லையும் யார் கேட்கப்போகிறார்கள்? யோசனை கச்சிதமாக இருந்தது. அதனால்தான் கீழே சுவரைத் தொட்டபோது வந்ததைவிடப் பெரிய அருவருப்பு வந்தது. கைவிரலை முகர்ந்து பார்த்தார். இரண்டு முறை சோப்புப் போட்டும் வாடை போகவில்லை.

மறுநாள் படிக்கட்டில் டோன்யெஸ் எதிர்ப்பட்டார். கையில் வாழைப்பழம் வந்த காலி அட்டைப்பெட்டிகள் நாலு. வழக்கமாக ஹைன்ஸோன் வணக்கம் சொல்வதோடு சரி. அன்று நின்று, பெட்டி எதற்கு என்று கேட்டுவிட்டார். கேட்டபின் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“பார்த்தா தெரியலையா, ஹெர் ஹைன்ஸோன்? குறிப்புப் புத்தகம் மேல இருக்கா? போய் எடுத்துட்டு வாங்க. மூணே கால் மணி, பெட்டி நாலுன்னு எழுதிக்கோங்க.”

அவர் படியில் ஒதுங்கி வழிவிட்டார்.

“ஊர்க்கோடில, வெகேஸாக்ல ஒரு ரூம் இருக்காம். அங்கேருந்து காலைல நாலே முக்காலுக்கு வேலைக்கு வரணும்னா நான் முந்தின நாளே கிளம்பணும். வேலையை விட்டுற வேண்டியதுதான். உங்களுக்கு நல்ல காத்து கிடைச்சா சரி.”

சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாத்திய கதவை ஹைன்ஸோன் பார்த்துக்கொண்டே நின்றார். டிராமில் எத்தனையோ பேரை இறக்கிவிட்டிருக்கிறார், அவர்கள் அடுத்த வண்டியில் ஏறிக்கொள்வார்கள். இந்த ஆளுக்கு அடுத்த வண்டி கிடையாது.

சனிக்கிழமை மூன்று மணிக்கு, துணி உலர்த்தும் பொது அறையில் கூட்டம். எட்டு வீட்டிலிருந்தும் பதினொரு பேர். காஸெபோம் கைக்கணினியோடும், டோன்யெஸ் பற்றிய தாளோடும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். தாளில் ‘சேதத்துக்குக் காரணமானவர்’ என்ற இடத்தில் டோன்யெஸின் பெயர் பென்சிலில் இருந்தது. சாட்சி கையெழுத்திட்டதும் அதன்மேல் பேனா ஓட்டிவிடுவார். கூட்டத்துக்கு வரும்போது ஹைன்ஸோன் ஒரு பெட்டி பீரைத் தூக்கிக்கொண்டு வந்ததைப் பார்த்து எல்லோரும் திகைத்தார்கள். அவர் யாருக்கும் ஒரு குவளைத் தண்ணீர் கொடுத்ததாகப் பதிவு கிடையாது. பன்னிரண்டு பாட்டில்களையும் குளிர்பெட்டியிலிருந்து எடுத்தபடியே மேசைமேல் நிறுத்தினார். யாரும் தொடக்கூடாது என்றார்.

“பாக்கிறதுக்கு மட்டும் பீரா?” என்றார் ஃபிராவ் க்ராஸ்ஹோஃப். “இங்கெபோர்க் ஓடினது தப்பே இல்ல.”

ஹைன்ஸோன் முதல் சொல்லிலிருந்து ஆரம்பித்தார். குமிழில் உள்ள எண்ணைப் பற்றிச் சொன்னபோது ஃபிராவ் க்ராஸ்ஹோஃப், தட்டினால் சூடு வரும் என்பது தன் அனுபவம், கையேட்டுக்காரன் தன் ரேடியேட்டரைப் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டார். நீர்ச் சமனைச் சொன்னபோது முதல் மாடிக்காரருக்கும் நாலாம் மாடிக்காரருக்கும் 1998இல் நின்றுபோன சண்டை மறுபடி தொடங்கியது. காஸெபோம் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். டோன்யெஸ் கடைசி நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, டாக்டர் கூப்பிடக் காத்திருப்பவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

முப்பத்து நாலாவது சொல் வந்தது. அதை ஹைன்ஸோன் விளக்கவில்லை. பாட்டில்களைக் காட்டினார். பன்னிரண்டும் குளித்து எழுந்த மாதிரி நின்றன. கழுத்திலிருந்து ஓடிய நீர் மேசையில் தேங்கி, மெல்ல ஊர்ந்து, காஸெபோமின் தாளின் ஓரத்தை எட்டிப் பிடித்திருந்தது.

“இதுல யாரு தண்ணி ஊத்தினது?” என்று கேட்டார் ஹைன்ஸோன்.

எல்லோரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்தார்கள்.

“யாரும் ஊத்தல. காத்துதான். கீழ சுவரும் இந்த பாட்டில் மாதிரிதான், எப்பவும் குளிர்ச்சி. அதுமேல மத்தியான வெயில் காத்தை பதினாறு வருஷமா தெனம் திறந்து விட்டது நான். ஃபிராவ் டோன்யெஸோட துணி இல்ல. அவங்க ஜன்னல் இல்ல. நான்.”

காஸெபோம் தாளை நீரிலிருந்து தூக்கி உதறினார். ஹைன்ஸோன் களைப்பாக இருப்பதாகவும், வெயில் கடுமையாக இருப்பதாகவும், யாராவது அவருக்கு நாற்காலி போடும்படியும் சொன்னார். ஜன்னலைத் திறந்ததால் ஈரம் வந்தது என்று அலுவலகத்தில் போய்ச் சொன்னால் தன்னை மருத்துவரிடம் அனுப்பிவிடுவார்கள் என்றார்.

“ஹெர் ஹைன்ஸோன், காத்து விடுறது ஏழாவது விதி. விதிப்படி நடந்தவர் எப்படி சேதம் பண்ணியிருக்க முடியும்? ஃபார்ம்ல அப்படி ஒரு காரணமே கிடையாது. பட்டியல்ல ‘காத்து விடாதது’ இருக்கு, ‘தப்பா விட்டது’ இருக்கு, ‘குழாய் உடைஞ்சது’ இருக்கு. காத்து விட்டதுன்னு ஒண்ணு இல்ல.”

“அப்போ தப்பா விட்டதுன்னு போடுங்க. என் பேரைப் போடுங்க.”

“உங்களையா? நீங்கதானே சாட்சி. சாட்சியே குற்றவாளியா இருந்தா கணினி ஏத்துக்காது.”

இப்படிப் பதினைந்து நிமிஷம் போயிற்று. கடைசியில் எல்லோரையும் கீழே கூட்டிக்கொண்டு போனார் ஹைன்ஸோன். மூக்கைப் பொத்திக்கொண்டு பதினொரு பேரும் படியிறங்கினார்கள். மூன்று நாளாக மூடிக் கிடந்ததில் ஜன்னல்களுக்குக் கீழே நீர் முத்துகள் இல்லை. பூசணம் மட்டும் சோர்ந்துபோய் ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு ஜன்னலைத் திறந்துவிட்டு, எல்லோரையும் நிற்கச் சொன்னார். வெளியே முப்பத்தொரு பாகை, முந்தின நாள் மழை. பத்து நிமிஷத்தில் சுவர் மங்கியது. கால் மணியில் பளபளத்தது. அப்புறம் முதல் சொட்டு உருண்டு, நேராகக் காஸெபோமின் வெள்ளைக் காலணியில் விழுந்தது. கறுப்பாக.

காஸெபோம் காலணியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். வாயைத் திறந்தவர் வாடை உள்ளே போனதும் மூடிக்கொண்டார். கோடி மூலைக்குப் போய், டோன்யெஸின் சமையலறைக்கு அடியில் உள்ள சுவரைக் கைக்குட்டையால் தேய்த்தார். கைக்குட்டை சுத்தமாக வந்தது. பென்சிலால் எழுதிய பெயரை அங்கேயே ரப்பரால் அழித்தார். ஹைன்ஸோன் பெயரை எழுதி, கையெழுத்து எங்கே என்று காட்டினார். சுவர்மேல் வைத்துத்தான் போட வேண்டியிருந்தது. தாள் முதுகில் பூசணத்தோடு வந்தது. கணினி ஏற்றுக்கொள்ளாவிட்டால் கையாலேயே கொண்டுபோய் அலுவலகத்தில் வைப்பதாகவும், டோன்யெஸுக்குக் கொடுத்த கடிதம் செல்லாது என்று திங்கட்கிழமை எழுதி அனுப்புவதாகவும் சொல்லிவிட்டு, இரண்டிரண்டு படியாக ஏறிப் போனார்.

மற்றவர்களும் ஏறினார்கள். பீர் இன்னும் குளிர்ச்சியாக இருக்கும் என்று யாரோ நினைவுபடுத்தியதில் வேகமாகவே ஏறினார்கள். ஃபிராவ் க்ராஸ்ஹோஃப் மட்டும் படியில் நின்று திரும்பி, பதினாறு வருஷமாக அந்த ஜன்னலுக்கு நன்றி சொல்லி ஹைன்ஸோனுக்குக் கிறிஸ்துமஸ் கேக் கொடுத்ததை எல்லாம் திரும்பக் கேட்கப்போவதாகச் சொன்னார்.

கீழே டோன்யெஸும் ஹைன்ஸோனும் நின்றார்கள். ஹைன்ஸோன் தொண்டையைச் செருமினார். மன்னிப்புக் கேட்பதற்கு முப்பத்தாறு வருஷ வேலையில் பழக்கம் கிடையாது. மற்றவர்கள் கேட்டுத்தான் அவர் கேட்டிருக்கிறார்.

“வேணாம்,” என்றார் டோன்யெஸ், அவர் ஆரம்பிப்பதற்குள். “நீங்க வாயைத் திறந்தா எனக்கு இந்தச் சுவரைவிட குமட்டுது. ஒன்பது பக்கம். போர்வை உறை ரெண்டுன்னு எண்ணியிருக்கீங்க. என் உள்பாவாடையை எண்ணலையா?”

எண்ணியிருந்தார். ஆறாம் பக்கம். அதைச் சொல்லாமல் இருக்கும் அளவுக்கு அவருக்குப் புத்தி இருந்தது.

டோன்யெஸ் தன் தடுப்பின் பூட்டைத் திறந்தார். முதல் ஜன்னலை ஒட்டி இருந்ததால் அங்கே பூசணம் மற்ற ஏழு வீட்டுக்கும் சேர்த்து வளர்ந்திருந்தது. நாலு படுக்கை உறைகள் ஒட்டி ஒரே கம்பளமாகிவிட்டிருந்தன. மரப்பெட்டி ஒன்று தொட்டதும் ஈரப் பெருமூச்சு விட்டு உட்கார்ந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு ஜோடி குளிர்காலக் காலணிகள், கெண்டைக்கால் வரை உயரம். வெளியே சாம்பல் பூத்திருந்தது. உள்ளே என்ன இருந்தது என்பதற்கு ஊரில் இன்னும் பெயர் வைக்கவில்லை.

“இதைப் போட்டுக்கிட்டுத்தான் நான் வேலைக்குப் போறது. நவம்பர்லேருந்து மார்ச் வரைக்கும். இனிமேலும் அதே வேலை, அதே தெரு. அப்போ இது வேணும்.” ஒரு துணியை அவர் கையில் கொடுத்தார். “துணி உள்ள போகாது. முனை வரைக்கும் விரல்தான் விடணும்.”

ஹைன்ஸோன் சட்டைக் கையை மடித்துவிட்டு, வலது காலணியைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். கையை உள்ளே விட்டார். சில்லென்று, மென்மையாக, கொஞ்சம் உயிருள்ளது மாதிரி இருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருப்பிய பக்கம் டோன்யெஸ் நின்றுகொண்டிருந்ததால் மறுபடி இந்தப் பக்கம் திருப்பினார். முழங்கை வரை போனபோது முனை தட்டுப்பட்டது. வழித்து எடுத்ததை எங்கே போடுவது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“ஜன்னலைச் சாத்துங்க மொதல்ல,” என்றார் டோன்யெஸ். “காத்து வருது.”

அவர் மறு கையால் சாத்தினார். திரும்பி வந்து பார்த்தபோது டோன்யெஸ் கவிழ்த்துப்போட்ட வாளிமேல் உட்கார்ந்திருந்தார், அவசரம் இல்லாதவர் மாதிரி.

“இடது கால் இருக்கு,” என்றார்.